பாக்கோ தேசியப் பூங்காவுக்குத் தனியாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூச்சிங் நகரிலிருந்து வெறும் 37 கிலோமீட்டர்தானே, நிதானமாக டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று போடுகிற கணக்கில்தான் பாக்கோ பயணம் பெரும்பாலும் சொதப்புகிறது. மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் 1957-இல் அறிவிக்கப்பட்ட பூங்கா இது, அங்கே இருப்பதிலேயே பழையது. பரப்பு சுமார் 27 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் உள்ளே போக ரோடு கிடையாது. பஸ்ஸும் காரும் பாக்கோ கிராமத்துப் படகுத்துறையோடு நின்றுவிடும், அதற்கப்புறம் ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டிக் கடல் வழியாகச் சுமார் அரை மணி நேரம் படகு. அது எப்போது போகும், எப்போது திரும்பும் என்பது அன்றைக்குக் கடல் ஏறுகிற, வற்றுகிற நேரத்தைப் பொறுத்தது.

மெரினாவில் நின்று பழகியவர்களுக்கு இந்த ஏற்றவற்றம் பெரிதாகக் கண்ணில் பட்டிருக்காது. பாக்கோவில் கடல் வற்றினால் பூங்கா அலுவலகம் இருக்கிற தெலோக் அஸ்ஸாம் கரையிலிருந்து தண்ணீர் ரொம்ப தூரம் உள்வாங்கிவிடும். படகு துறையை நெருங்க முடியாமல் தள்ளியே நிற்கும், நீங்கள் இறங்கித் தண்ணீரில் நடந்து கரையேற வேண்டியதுதான். ஜீன்ஸும் புது ஷூவும் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் ஒரு கையில் ஷூ, இன்னொரு கையில் போன் என்று தடுமாறுவதை அங்கே அடிக்கடி பார்க்கலாம். அரைக்கால் சட்டை, வார் வைத்த செருப்பு, தண்ணீர் புகாத பை, இவ்வளவு போதும். முந்தைய நாளே ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். நேரம் தினமும் கிட்டத்தட்ட 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் போன வாரம் போய் வந்த நண்பர் சொன்ன நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். படகிலிருந்து இறங்கும் முன்பே திரும்ப எத்தனை மணிக்கு என்று படகோட்டியிடம் உறுதி செய்து, அவர் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் இரண்டரை என்றால் இரண்டரைதான், பேரம் பேசி நான்காக்க முடியாது.

தனியாகப் போகிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். படகைப் பகிர்ந்துகொள்ள ஆள் வேண்டும், ஆள் கிடைத்தால் அவர்கள் திரும்பும் நேரம்தான் உங்களுக்கும். காலையில் சீக்கிரமே துறைக்குப் போய்விட்டால் உங்களைப் போலவே ஒத்தையாக வந்தவர்கள் இருப்பார்கள், டிக்கெட் எடுக்கும்போதே பேசிச் சேர்ந்துகொள்ளலாம்.

என்னைக் கேட்டால் ஒரே நாளில் திரும்புவதே தவறு. எல்லோரும் பார்க்க ஆசைப்படுகிற, அந்தப் பெரிய தொங்கு மூக்குக் குரங்குகள் அதிகாலையிலும் சாயங்காலத்திலும்தான் அலையாத்திக் காட்டோரம் நன்றாகக் கண்ணில் படும். பகல் படகில் வருகிறவர்கள் உச்சி வெயிலில் மேலே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலியோடு போய்விடுகிறார்கள். பூங்காவுக்குள்ளேயே தங்க அறைகள் உண்டு, ஆனால் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்காமல் முன்கூட்டியே ஆன்லைனில் பதிந்துவிடுங்கள்.

அப்புறம் நடைபாதைகள். கிளம்பும் முன் அலுவலகத்தில் பெயரையும் எந்தப் பாதையில் போகிறீர்கள் என்பதையும் எழுதிவிட்டுப் போக வேண்டும். கூட்டமாக வந்தவர்களை அவர்கள் ஆட்களே தேடுவார்கள், உங்களைத் தேட அந்த ஒரு வரி மட்டும்தான். பாதையின் நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. லிந்தாங் சுற்று 5.8 கிலோமீட்டர்தான், நம் ஊர்த் தார்ச்சாலையில் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவோம். இங்கே வேர்களின் மேல் ஏறி இறங்கி, மேலே மணற்பாறைத் திட்டுக்கு வந்தால் மரங்கள் குட்டையாகி நிழலே இருக்காது, மூன்று நான்கு மணி நேரம் சாதாரணமாக ஆகும். பூச்சி தின்னும் குடுவைச் செடிகள் அந்த மொட்டை வெயிலில்தான் இருக்கின்றன. குடிக்கும் தண்ணீரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். புதரோரம் நடக்கும்போது கிளையைப் பார்க்காமல் பிடிக்காதீர்கள், இலை நிறத்திலேயே மரவிரியன் அசையாமல் சுருண்டிருக்கும், பக்கத்தில் போய் நின்றாலும் நகராது. சீண்டாதவரை அதுவும் உங்களைக் கண்டுகொள்ளாது.

நிஜமான தொல்லை சாதாரணக் குரங்குகள்தான். கையில் பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், கேன்டீன் மேஜைக்கே வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும். கொட்டாவி மாதிரி பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று செல்ஃபி எடுக்காதீர்கள், அது மிரட்டல். அங்கேயே திரியும் தாடிப் பன்றிகள் பார்க்கத்தான் முரடு, அவை பாட்டுக்குச் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும்.

கடற்கரை வெறிச்சோடி அழகாக இருக்கிறதே என்று ஆற்று வாயிலில் இறங்கிக் குளிக்காதீர்கள். அந்தப் பக்கத்து ஆறுகளிலும் கடலோரத்திலும் உப்புநீர் முதலைகள் உண்டு, எச்சரிக்கைப் பலகையை யாரும் அலங்காரத்துக்கு வைக்கவில்லை.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழைக் காலம், கடல் கொந்தளித்தால் படகு நிற்கும். அப்போது போவதென்றால் அடுத்த நாளே ஊர் திரும்பும் விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள். சரவாக்குக்குத் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு, கோலாலம்பூரிலிருந்து வந்தாலும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் இருக்கும் நம் ஆட்களும் அடையாள அட்டையை மறந்துவிட்டு வந்தால் சிக்கல்தான். திரும்பி வந்து படகிலிருந்து இறங்கியதும் கிராப் (ஆப்பில் அழைக்கும் வாடகைக் கார்) கிடைத்துவிடும் என்று நம்பியிருக்காதீர்கள், கூச்சிங் போகும் பஸ் நேரத்தைக் காலையிலேயே டிரைவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.