நீலகிரியில் குட்டை பைக் பூட்ஸ்: வாங்கிய பின் செய்யும் தவறுகள்

தினமும் பைக்கில் வேலைக்குப் போகும் மலைவாசிகள் குட்டை பூட்ஸைப் பற்றிச் சொல்லும் குறைகள் இரண்டு: மழையில் தண்ணீர் புகுகிறது, கியர் போட வரவில்லை. பெரும்பாலும் இரண்டுக்கும் பூட்ஸ் காரணமல்ல.

முதலில் மழை. குட்டை பூட்ஸ் கணுக்காலுக்குச் சற்று மேலே முடிந்துவிடும். நிற்கும்போது கால்சட்டை அதை மூடியிருக்கும். வண்டியில் ஏறி முழங்காலை மடக்கியதும் விளிம்பு நாலு விரற்கடை மேலேறி, காலுறை தெரியும். தண்ணீர் இறங்குவது அங்கேதான். இதற்குப் பயந்து மழைக் கால்சட்டையை பூட்ஸுக்குள் செருகுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. தொடையில் விழுகிற மழையெல்லாம் நேராகப் பாதத்தில் போய்த் தேங்கும். நீர்புகா உள்சவ்வு வைத்த விலை உயர்ந்த பூட்ஸ் என்றால் இன்னும் மோசம். உள்ளே போன தண்ணீரை அது வெளியே விடாது. மழைக் கால்சட்டை பூட்ஸுக்கு மேலேதான் விழ வேண்டும். கடையிலேயே வண்டியில் உட்காருவதுபோல் மடங்கி உட்கார்ந்து நீளம் பாருங்கள். பாதத்துக்கு அடியில் மாட்டும் எலாஸ்டிக் பட்டை இருந்தால் நல்லது. கூடலூர், தேவாலா பக்கம் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக்கும், அக்டோபரில் குன்னூர், கோத்தகிரியை நனைக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் இதே விதிதான்.

அடுத்தது கியர். செருப்புக்கும் சாதாரண ஷூவுக்கும் பழகிய லீவருக்கு அடியில் பூட்ஸின் தடித்த முன்பகுதி நுழையாது. நுழைந்தாலும் மேலே தூக்கக் கணுக்காலை ஒடிக்க வேண்டியிருக்கும். அரைகுறையாகத் தூக்கினால் முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போக வேண்டியது நியூட்ரலில் நின்றுவிடும். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றின் ஏற்றத்தில் இப்படி நின்றால் வண்டி பின்னால் உருளும். பூட்ஸைத் திட்டாமல் லீவரை உயர்த்துங்கள். இணைப்புக் கம்பி உள்ள வண்டிகளில் அதன் இரு முனைகளிலும் உள்ள லாக் நட்டைத் தளர்த்தி, கம்பியைத் திருகி, மறுபடி இறுக்கினால் போதும். கம்பி இல்லாத வண்டியில் லீவரைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்ட வேண்டும். மெக்கானிக்குக்குச் சில நிமிட வேலை. பலர் இதற்கும் சோம்பல்பட்டு பூட்ஸை பரணில் போட்டுவிடுகிறார்கள்.

வலது கால் விஷயம் இன்னும் ஆபத்தானது. தடித்த சோல் பிரேக் பெடலின் மேல் படிந்திருப்பதே காலுக்குத் தெரியாது. குன்னூரிலிருந்து பர்லியாறு இறங்கும் வரை லேசாக அழுத்திக்கொண்டே போனால், பின் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். பின்னால் உள்ள பிரேக் விளக்கும் எரிந்துகொண்டே இருப்பதால் நாம் உண்மையில் பிரேக் பிடிப்பது பின்னால் வருபவருக்குப் புரியாது. பெடலின் உயரத்தையும் பூட்ஸுக்கு ஏற்பச் சரிசெய்யுங்கள். குறைந்த கியரில் இறங்குங்கள்.

நனைந்த பூட்ஸைக் கணப்புக்கோ ரூம் ஹீட்டருக்கோ பக்கத்தில் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். ஒரே இரவில் காயும், உண்மைதான். தோல் விறைத்து வெடிக்கும், சோலின் பசை விட்டுப்போகும் என்பதும் உண்மை. உள்ளே பாதம் படும் இன்சோலை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரமான தாளை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். பிறகு காற்றாட வையுங்கள். மூடிய அலமாரியில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிடும்.

வாங்கும்போது ‘ஈஎன் 13634’ என்ற ஐரோப்பியத் தரக் குறியைத் தேடுங்கள். 2017 பதிப்பின்படி அதன் கீழே நான்கு எண்கள் இருக்கும். முதல் எண் உயரம். அதில் 1 என்று பார்த்ததும் மட்டம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். குட்டை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளில்லை. மற்ற மூன்றும் உரசல், வெட்டு, பக்கவாட்டில் நசுங்காமை ஆகியவற்றுக்கு. வண்டி காலின் மேல் சாயும்போது காப்பாற்றுவது கடைசி எண்தான். அதில் 2 இருப்பதையே எடுப்பேன். மலையேற்ற ஷூவுக்கு இந்தச் சோதனை எதுவும் கிடையாது. லேஸ் வைத்த பூட்ஸ் என்றால் முடிச்சின் நுனியை உள்ளே செருகிவிடுங்கள், கியர் லீவரில் மாட்டும். வீட்டு வாசலிலும் கோயில் வாசலிலும் கழற்றி மாட்டுகிற நமக்கு ஜிப் வைத்ததே வசதி. அலுவலகத்தில் ஒரு ஜோடிச் செருப்பு இருக்கட்டும். விறைத்த சோலோடு நாள் முழுக்க நடந்தால் பாதம் நோகும்.

கோவைக்குப் போய் மெல்லிய காலுறையோடு அளவு பார்த்து வாங்கி வருகிறவர்கள் டிசம்பரில் ஊட்டி உறைபனியில் மாட்டிக்கொள்கிறார்கள். கம்பளிக் காலுறை போட்டதும் பூட்ஸ் இறுகும், ரத்த ஓட்டம் குறையும், விரல்கள் முன்னைவிடச் சீக்கிரம் மரத்துப்போகும். கடைக்குப் போகும்போதே கம்பளிக் காலுறையைப் பையில் எடுத்துப் போய், அதைப் போட்டுக்கொண்டு விரல்களை அசைத்துப் பார்த்து வாங்குங்கள்.