செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி போடும்போது பக்கத்தில் இருப்பவர் என்னென்ன கவனிக்க வேண்டும்

வீட்டில் யாரையாவது கடும் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தால், வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்றக் கையில் குத்தி வைக்கும் சிறு குழாய்) போட்ட கையோடு ஏற்றுகிற மருந்துகளில் செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாட்டிக் அடிக்கடி இருக்கும். 1980களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்தில் இருக்கும் மருந்து. டைஃபாய்டு, நிமோனியா, சிறுநீரகம் வரை ஏறிவிட்ட யூரின் இன்ஃபெக்‌ஷன், மூளைக்காய்ச்சல், ரத்தத்தில் கிருமி பரவுவது என்று உயிரோடு விளையாடும் தொற்றுகளுக்கு இதைத்தான் டாக்டர்கள் கையில் எடுக்கிறார்கள். டெங்குவுக்கோ சளிக்காய்ச்சலுக்கோ இது எதுவும் செய்யாது, அவை வைரஸ். அதனால் "ஒரு ஊசி போட்டு விடுங்களேன்" என்று நாமாகக் கேட்கக் கூடாது. கேட்டுக் கேட்டுப் போட்டுக்கொண்டால் கிருமிகள் பழகிவிடும். 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இந்த ஊசிக்கே மசியாத டைஃபாய்டு பரவத் தொடங்கியது.

முதல் டோஸுக்கு முன்னால் இரண்டு விஷயம். பிளட் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் எந்தக் கிருமி என்று தெரியாமலே போகலாம். ஆனால் நோயாளி ரொம்ப மோசமாக இருந்தால் கல்ச்சருக்காக ஊசியைத் தள்ளிப்போட மாட்டார்கள், அதுதான் சரி. இரண்டாவது, பெனிசிலினோ வேறு எந்த ஆன்டிபயாட்டிக்கோ முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், கேட்கிறார்களோ இல்லையோ, நீங்களே சொல்லுங்கள், என்ன ஆனது என்பதையும் சேர்த்து. வெறும் வயிற்றுப்போக்கு வந்ததா, உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியதா என்பதில்தான் டாக்டரின் முடிவே இருக்கிறது. வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதையும் சொல்லுங்கள்.

டெஸ்ட் டோஸ் (ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் கையில் துளி மருந்து போட்டுப் பார்ப்பது) போட்டு கை தடிக்கவில்லை என்றால் இனி பயமே இல்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம். ஊசி போட்ட முதல் அரை மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். அரிப்பு, தடிப்பு, உதடு வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, தலைசுற்றி வியர்ப்பது, இதில் எது வந்தாலும் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். அலர்ஜி முற்றினால் உயிரைக் காக்கும் அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதால்தான் இந்த ஊசியை வீட்டில் தெரிந்தவரை வைத்துப் போட்டுக்கொள்ளவே கூடாது என்கிறேன்.

மருந்து குப்பியில் பொடியாக வரும். டிஸ்டில்ட் வாட்டர் விட்டுக் குலுக்கினால் இளமஞ்சளாகக் கரையும், அந்த நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நரம்பில் என்றால் சில நிமிடங்கள் எடுத்து மெதுவாகச் செலுத்துவார்கள், இல்லையென்றால் சிறிய பாட்டிலில் கலந்து அரை மணி நேரம் ஓட விடுவார்கள். இடுப்பில் போடுவதென்றால் வலி அதிகம் என்பதால் லிக்னோகைன் என்ற மரத்துப்போகும் மருந்தைச் சேர்ப்பார்கள். அப்படிச் சேர்த்த மருந்து நரம்புக்குள் போகவே கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கால்சியம். ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) என்ற டிரிப்ஸ் பாட்டிலில் கால்சியம் இருக்கிறது. அதோடு இந்த மருந்து கலந்தால் படிவுகள் உண்டாகும். பெரியவர்களுக்கு ஆர்.எல்.லை நிறுத்தி, லைனை என்.எஸ். (நார்மல் சலைன் என்ற உப்புநீர்) விட்டு நன்றாகக் கழுவிவிட்டு, அப்புறம் இதை ஏற்றலாம். பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்குக் கால்சியம் ஏறுகிறது என்றால் இந்த மருந்தே கூடாது, வேறு லைனில்கூடக் கூடாது. நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் படிவு அடைத்துப் பச்சிளம் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். மஞ்சள் காமாலை உள்ள பச்சைக் குழந்தைக்கும் தவிர்க்க வேண்டும். டிரிப்ஸ் ஸ்டாண்டில் ஆர்.எல். தொங்குவதைப் பார்த்தால் "சிஸ்டர், லைன் கழுவியாச்சா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு வேளை, 1 அல்லது 2 கிராம். மூளைக்காய்ச்சலுக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 2 கிராம். டைஃபாய்டில் ஊசி ஆரம்பித்து மூன்று நாள் ஆகியும் காய்ச்சல் இறங்கவில்லை என்று ஆஸ்பத்திரியை மாற்றுகிறவர்கள் உண்டு. சரியான மருந்து போய்க்கொண்டிருந்தாலும் அந்தக் காய்ச்சல் தணிய நாலைந்து நாள் ஆகும், கொஞ்சம் பொறுங்கள். நடுவில் வலப்பக்க மேல்வயிற்றில் வலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். பித்தப்பையில் மருந்து படிந்திருக்கலாம், நிறுத்தினால் பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். சிறுநீர் திடீரென்று கறுத்து, ஆள் வெளுத்துப்போனால் காத்திருக்காமல் சொல்ல வேண்டும். அபூர்வம்தான், ஆனால் ரத்த அணுக்கள் உடைவதன் அறிகுறி அது.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு மிச்ச நாட்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் முழுவதும் சாப்பிடுங்கள். இந்த ஊசி மருந்து ஹெச்1 பட்டியலில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, கடைக்காரர் நோயாளியின் பெயரோடு பதிந்து வைக்க வேண்டும். அதனால் பழைய சீட்டைக் காட்டி வாங்காதீர்கள். ஊசி முடிந்து ஓரிரு மாதம் கழித்தும்கூட தண்ணீராகப் பலமுறை போனாலோ, ரத்தம் கலந்து போனாலோ, கடையில் பேதி நிற்க மாத்திரை வாங்கிப் போடாமல் நேராக டாக்டரிடம் போய் இன்ன தேதியில் இந்த ஊசி போட்டோம் என்று சொல்லுங்கள்.