ஃபோர்ஹேண்ட்: நாற்பது வயதில் மறுபடி ராக்கெட் பிடிப்பவர்களுக்கு

கல்லூரி நாட்களில் நன்றாக டென்னிஸ் ஆடியவர்கள் பதினைந்து, இருபது வருடம் கழித்துக் கோர்ட்டுக்குத் திரும்பும்போது அநேகமாக ஒரே புகாரைத்தான் சொல்கிறார்கள். புறங்கை முன்னால் வர அடிக்கும் பேக்ஹேண்ட்கூடப் பரவாயில்லை, உள்ளங்கை முன்னால் வர அடிக்கும் ஃபோர்ஹேண்ட்தான் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. ஒன்று நெட்டின் அடியில் முட்டுகிறது, இல்லையென்றால் பின் வேலிக்குப் பறக்கிறது. உடனே மணிக்கட்டைச் சந்தேகப்பட்டு, இன்னும் ஓங்கி அடித்துப் பார்க்கிறார்கள். என் கணிப்பில் கையில் பெரிய கோளாறு இருப்பதில்லை. உடம்பு தாமதமாகத் திரும்புகிறது, அவ்வளவுதான். இருபது வயதில் அந்தத் தாமதத்தைக் கால்கள் ஓடிச் சரிக்கட்டின. இப்போது அவை அந்த உதவியைச் செய்வதில்லை. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே இருக்கும். வலது கை ஆட்டக்காரரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாமான்

பரணில் இருந்து பழைய ராக்கெட்டை எடுத்தீர்கள் என்றால், ஸ்ட்ரிங் அறுந்திருக்காவிட்டாலும் அது செத்துப்போயிருக்கும். மாற்றியே ஆகவேண்டும். புதிதாக வாங்குவதாக இருந்தால் 100 சதுர அங்குல முகமும், ஸ்ட்ரிங் இல்லாமல் 280 முதல் 300 கிராம் எடையும் போதும். மர ராக்கெட் காலத்தில் முகம் 65 சதுர அங்குலம்தான் இருந்தது. அந்தக் காலத்துப் பெரியவர்கள் அவ்வளவு சின்ன முகத்தில் நடுப்பகுதியில் பந்தை வாங்கியதை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

கடைக்காரர் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 1997இல் பிரேசில் வீரர் குஸ்தாவோ கூர்ட்டன் அந்த வகை ஸ்ட்ரிங்கோடு பிரெஞ்ச் ஓப்பனை வென்ற பிறகு உலகமே அதன் பின்னால் போனது உண்மை. ஆனால் அது விறைப்பானது, இறுக்கமும் சீக்கிரம் போய்விடும். தொழில்முறை வீரர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றுகிறார்கள். நாம் ஆறு மாதம் அதையே வைத்துக்கொண்டு முழங்கையைக் கெடுத்துக்கொள்வோம். மல்ட்டிஃபிலமென்ட் அல்லது சின்தெடிக் கட் என்ற மென்மையான ஸ்ட்ரிங் வகையைக் கேட்டு, சுமார் 50 பவுண்டு இறுக்கத்தில் இழுக்கச் சொல்லுங்கள். கைப்பிடி வியர்வையில் வழுக்காமல் இருக்க அதன்மேல் சுற்றும் ஓவர்கிரிப் பட்டை. ஓட்டத்துக்கான ஷூ வேண்டாம், பக்கவாட்டில் நகரும்போது கணுக்கால் மடங்கிவிடும். டென்னிஸ் ஷூவே வாங்குங்கள்.

பந்து விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். பச்சைப் புள்ளி போட்ட பந்து என்று ஒன்று உண்டு. சாதாரணப் பந்தைவிட 25 சதவீதம் மெதுவாக வரும். குழந்தைகள் பந்து என்று பக்கத்துக் கோர்ட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், முதல் சில வாரம் அதிலேயே ஆடுங்கள்.

கிரிப்பைச் சரிபாருங்கள்

ராக்கெட்டின் விளிம்பு தரையைப் பார்க்கும்படி நேராகப் பிடியுங்கள். கைப்பிடிக்கு எட்டுப் பட்டைகள் இருப்பது தெரியும். மேலே இருப்பது ஒன்று. அடிப்பக்கத்திலிருந்து பார்த்துக் கடிகார முள் போகும் திசையில் எண்ணிக்கொண்டே வாருங்கள். உங்கள் ஆள்காட்டி விரலின் அடிக்கணு எந்தப் பட்டையில் உட்காருகிறதோ அதுதான் உங்கள் கிரிப். இரண்டு என்றால் கான்டினென்டல், மூன்று ஈஸ்டர்ன், நான்கு செமி வெஸ்டர்ன், ஐந்து வெஸ்டர்ன்.

பழைய ஆட்டக்காரர்கள் பலர் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எங்கேயோ பிடித்திருப்பார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்திய வீரர் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போன காலத்தில் கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் மூன்று புல்தரையில் நடந்தன. புல்லில் பந்து தாழ்வாக வழுக்கிக்கொண்டு வரும், அதற்குக் கான்டினென்டல் ஒத்துப்போகும். அன்றைய பாடமே பிறகு பயிற்சிக் களங்களுக்கெல்லாம் இறங்கி வந்தது. இன்று நாம் ஆடுவது சிமென்ட் தளத்திலோ செம்மண்ணிலோதான். பந்து நெஞ்சு உயரத்துக்கு எழும்புகிறது. அந்த உயரத்தில் கான்டினென்டல் பிடித்தால் ராக்கெட்டின் முகம் வானத்தைப் பார்க்கும், பந்து வேலிக்குப் போகும்.

அதனால் இரண்டில் இருப்பவர்கள் மூன்றுக்கு வாருங்கள். மூன்றில் இருப்பவர்கள் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கொஞ்சம் நகர்ந்து பார்க்கலாம். அதற்கு மேல் போகத் தேவையில்லை. ஃபெடரர் ஈஸ்டர்னை ஒட்டியே கடைசிவரை ஆடினார், நடால் செமி வெஸ்டர்னில் ஆடினார். நடாலைப் பார்த்து முழு வெஸ்டர்னுக்குத் தாவுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அவரே அங்கே இல்லை.

திரும்புவது: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

நம் அளவில் ஆடுகிறவர் அடிக்கும் பந்து மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கோர்ட்டின் நீளம் 78 அடி. காற்றும் தரையும் வேகத்தைக் குறைப்பதால் அது உங்களிடம் வந்து சேர ஒன்றரை நொடி ஆகிவிடும். நெட்டைத் தாண்டும்போது அதில் பாதிகூடப் போயிருக்காது. நேரம் ஏராளமாக இருக்கிறது. ஆனால் திரும்பி வந்த ஆட்டக்காரர் என்ன செய்கிறார்? பந்து நெட்டைத் தாண்டி, தரையில் குத்தும்வரை நின்று ரசிக்கிறார். குத்தியதும் அவசர அவசரமாகக் கையைப் பின்னால் இழுக்கிறார். பந்து இடுப்பைத் தாண்டிய பிறகு ராக்கெட் வந்து சேர்கிறது.

சரி, இதை மாற்றுவது எப்படி? எதிராளி பந்தை அடிக்கும் அந்தக் கணத்தில் இரண்டு காலாலும் ஒரு சின்னக் குதி போடுங்கள். ஸ்ப்ளிட் ஸ்டெப் என்பது இதைத்தான். பாதம் தரையைத் தொடும்போது பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்துவிடும். ஃபோர்ஹேண்ட் பக்கம் என்றதும் தோள்களைத் திருப்புங்கள். கையை இழுக்கவேண்டாம், தோள்களை மட்டும். இடது கை ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்தபடியே இருக்கட்டும். அது விடாதவரை வலது கையால் தனியாக ஓடிப்போக முடியாது. தோள் திரும்பியே ஆகவேண்டும். உங்கள் நெஞ்சு பக்கவாட்டு வேலியைப் பார்க்கிறதா? அப்போது இடது கையை விட்டு, பேஸ்லைனுக்கு (கோர்ட்டின் பின்கோட்டுக்கு) இணையாக வலப்பக்கமாக நீட்டுங்கள்.

கெடு ஒன்றுதான்: பந்து நெட்டைத் தாண்டுவதற்குள் இது முடிந்திருக்க வேண்டும். பழகும்போது எதிராளி அடித்ததும் "திரும்பு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பந்து நெட்டைத் தாண்டிய பிறகுதான் உங்கள் வாயிலிருந்து சொல் வருகிறது என்றால் உடம்பும் அப்போதுதான் திரும்புகிறது என்று அர்த்தம். இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியாது.

பின்ஸ்விங்கை, அதாவது ராக்கெட்டைப் பின்னால் கொண்டுபோகும் வீச்சைப் பெரிதாக்காதீர்கள். வலது கை உங்கள் கடைக்கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே நிற்கட்டும். முதுகுக்குப் பின்னால் போனால் திரும்ப வர நேரம் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் ரமேஷ் கிருஷ்ணனின் பழைய ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். பெரிய வீச்சே கிடையாது. 1987இல் சிட்னி புல்தரையில் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்து இந்தியா, நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையின் இறுதிக்குப் போனபோது ஐந்தாவது ஆட்டத்தை வென்று கொடுத்தவர் அவர்தான்.

பந்தைச் சந்திக்கும் இடம்

வேலிக் கம்பத்தின் முன் நின்று, ராக்கெட்டின் முகத்தைக் கம்பத்தில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். இடுப்புக்குப் பக்கத்தில் வைத்துத் தள்ளினால் கை நடுங்கும். ஒரு அடி முன்னால், உடம்பிலிருந்து வசதியான தூரத்தில் வைத்துத் தள்ளினால் காலின் பலம் முழுக்க வந்து சேரும். அதுதான் உங்கள் இடம். செமி வெஸ்டர்ன் பக்கம் நகர்ந்தவர்களுக்கு இன்னும் சற்று முன்னால் அமையும்.

அப்புறம் நெட்டுக்கும் பேஸ்லைனுக்கும் நடுவே உள்ள சர்வீஸ் லைனில் நின்று, இடது கையால் பந்தை வலப்பக்க முன்னால் போட்டு, ஒரு குத்து குத்தி எழும்பியதும் மெதுவாக அடியுங்கள். அடிக்க வேண்டும் என்பதைவிட அந்த இடத்தில் சந்திக்க வேண்டும் என்பதே நோக்கம். ஒரு கூடை நிறையப் பந்துகள் இப்படிப் போனால் போதும். சலிப்பான வேலைதான், செய்தவர்களுக்குப் பலன் கிடைக்கிறது.

கீழிருந்து மேலே

மணிக்கட்டைத் திருப்பிப் பந்தின் மேல் மூடினால்தான் டாப்ஸ்பின் (பந்தின் முன்னோக்கிய சுழற்சி) வரும் என்று இன்னமும் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். பந்து ஸ்ட்ரிங்கில் இருக்கும் நேரம் ஒரு நொடியில் சுமார் இருநூறில் ஒரு பங்கு. அதற்குள் எதையும் மூட முடியாது. டாப்ஸ்பின் வருவது ராக்கெட் போகும் பாதையால்: ராக்கெட்டின் தலை பந்துக்கு ஒரு அடி கீழே இறங்கி, மேலேயும் முன்னேயும் போகவேண்டும். பந்தைத் தொடும்போது முகம் அநேகமாகச் செங்குத்தாக இருக்கும். முடிவில் ராக்கெட் இடது தோளுக்கு மேல் வரும். இடது கையால் அதைப் பிடித்துவிடுங்கள். பிடிக்க முடியவில்லை என்றால் வீச்சைப் பாதியில் நிறுத்துகிறீர்கள்.

கை இறுகியிருந்தால் இதெல்லாம் நடக்காது. ஈரத்துணியை உதறும்போது கை எப்படித் தளர்வாகப் போய் நுனி சடாரென்று சொடுக்குகிறதோ, அந்தத் தளர்ச்சி வேண்டும். பிடியின் இறுக்கத்துக்குப் பத்துக்கு நான்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள்.

குறி எங்கே? நெட்டுக்கு மூன்று, நான்கு அடி மேலே, குறுக்காக. நெட்டின் உயரம் நடுவில் 3 அடி, கம்பத்தருகே மூன்றரை அடி. குறுக்காக அடித்தால் தாழ்வான நடுப்பகுதி மேலே போகலாம். ஒற்றையர் கோர்ட்டின் மூலைவிட்டம் எண்பத்திரண்டரை அடி, அதாவது நேர்க்கோட்டைவிட நாலரை அடி கூடுதலாகக் கிடைக்கிறது. கோட்டை ஒட்டி நேராக அடிப்பதற்கு இந்த இரண்டு சலுகையும் கிடையாது.

கால் வைப்பதைப் பற்றிச் சுருக்கமாக: இடது காலைக் குறுக்கே எடுத்து வைத்து அடிக்கும் பழைய முறை, மெதுவாகக் குட்டையாக வரும் பந்துக்கு இன்றும் நல்லது. மற்றபடி உடம்பு நெட்டைப் பாதி பார்த்தபடி திறந்த நிலையில், வலது காலில் எடையை இறக்கி, முழங்காலை மடக்கி, அங்கிருந்து எழும்பி அடியுங்கள். முழுக்கத் திறந்து நிற்பது இடுப்புக்கும் முதுகுக்கும் சுமை. அதைப் பிறகு பார்க்கலாம்.

எப்படிப் பழகுவது

வீட்டில் கண்ணாடி முன் பந்தில்லாமல் வீசிப் பாருங்கள், தினமும் ஐந்து நிமிடம். கோர்ட்டில் முதல் பத்து நிமிடம் சர்வீஸ் லைனுக்குள்ளேயே மெதுவாக அடித்து ஆடும் மினி டென்னிஸ். அதில் பந்து கட்டுக்குள் வந்த பிறகு பேஸ்லைனுக்குப் போங்கள், குறுக்காக மட்டும் ரேலி (பந்தை மாறி மாறித் திருப்பி அடிப்பது) ஆடுங்கள்.

கிளப்பில் மார்க்கரோடு (உறுப்பினர்களோடு ஆடப் பணியில் இருப்பவரோடு) ஆடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல்ல மார்க்கர் பந்தை உங்கள் கைக்கே கொண்டுவந்து கொடுப்பார். அரை மணி நேரம் ஆடியதும் நம் ஃபோர்ஹேண்ட் பிரமாதம் என்று தோன்றும், ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சில் அது காணாமல் போகும். "அண்ணா, ரெண்டு அடி தள்ளித் தள்ளிக் குடுங்க" என்று நீங்களே கேளுங்கள். அவருக்கும் அது பிடிக்கும், நம்மை மாதிரி ஆட்களுக்கு ஊட்டிவிடுவது அவருக்கும் அலுப்பான வேலைதான்.

போனைப் பின் வேலியில் இடுப்பு உயரத்தில் சாய்த்துவைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். பார்க்கும்போது ஒரே கேள்வி: பந்து நெட்டைத் தாண்டும் இடத்தில் படத்தை நிறுத்தினால் தோள் திரும்பியிருக்கிறதா? வேறு ஆயிரம் குறைகள் கண்ணில் படும். இந்த மாதம் அவற்றைக் கண்டுகொள்ளாதீர்கள்.

வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் ஆரம்பத்தில் வேண்டாம். முழங்கையின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சில நாள் ஓய்வுக்குப் பிறகும் வலி இருந்தால் பிசியோவிடம் காட்டுங்கள். பல வருடம் உடற்பயிற்சியே இல்லாமல் இருந்தவர்கள் முதலிலேயே டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

மேட்ச் ஆட ஆரம்பித்ததும் பழைய வீச்சு எட்டிப் பார்க்கும், அதுவும் 30-40 என்று, இன்னும் ஒரு புள்ளி போனால் அந்த கேமை இழக்கும் நிலையில் இருக்கும்போது. அப்போது வேகத்தைக் குறைக்காதீர்கள். குறைத்தால் பந்து சுழலாமல் மிதந்து வெளியே போகும். குறியை மட்டும் இன்னும் உயரமாக, இன்னும் நடுவாக எடுங்கள். குறுக்கு ரேலியில் பத்துப் பந்து தொடர்ந்து உள்ளே விழுகிறது என்ற நிலை வந்த பிறகு, சர்வீஸ் லைனுக்குப் பக்கத்தில் குட்டையாக விழும் பந்தை மட்டும் கோட்டோரம் நேராக அடித்துப் பார்க்கத் தொடங்கலாம்.