கல்பாத்தித் தேருக்கு ஒரு வைட் லென்ஸ்: ரேஞ்ச்ஃபைண்டர்காரர்கள் எதைப் பார்த்து வாங்குவது?

ஐப்பசி பிறந்துவிட்டால் பாலக்காட்டில் கேமரா வைத்திருப்பவர்களுக்குக் கல்பாத்தித் தேரைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அக்ரஹாரத் தெருவில் நடுவே தேர், பின்னால் முட்டித் தள்ளும் யானை, மிச்ச இடமெல்லாம் ஜனம். பின்வாங்கி நிற்க இடமிருக்காது. கடைசி நாள் சாயங்காலம் தேர்கள் ஒன்றுகூடும்போது வெளிச்சமும் மளமளவென்று இறங்கிவிடும். அகலமாகவும் வேண்டும், இருட்டிலும் எடுக்க வேண்டும். எஸ்எல்ஆர்காரர்கள் (லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமரா வைத்திருப்பவர்கள்) லென்ஸ் வாங்கும் கணக்கு ரேஞ்ச்ஃபைண்டருக்கு அப்படியே பொருந்தாது. புதிதாக வருபவர்கள் இந்த வரிசையில் போனால் போதும்.

படி 1: முதலில் கேமராவைப் பாருங்கள்

ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். படம் எதுவரை விழும் என்பதை அதிலுள்ள வெள்ளைக் கோடுகள் காட்டும். லைக்கா எம் வரிசை ரேஞ்ச்ஃபைண்டர்களில் எம்3-இல் 50 மி.மீ.க்குக் கீழே (மி.மீ. குறையக் குறையப் படம் அகலமாக விழும்) கோடு கிடையாது. எம்2-வில் 35 உண்டு, எம்6-இல் 28 வரை உண்டு. கோடு இல்லாத லென்ஸை வாங்கினால் கேமரா தலையில் தனி ஃபைண்டர் மாட்ட வேண்டும். ஒரு ஜன்னலில் ஃபோகஸ், இன்னொன்றில் ஃபிரேம் என்று கண்ணை மாற்றுவதற்குள் தேர் அடுத்த வீட்டைத் தாண்டிவிடும்.

கண்ணாடி போடுபவரா? அப்படியானால் எம்6-இன் 28 கோடு முழுசாகத் தெரியாது, மூலைகளைத் தேட வேண்டியிருக்கும். கடையில் கண்ணாடியோடு பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 2: எத்தனை மி.மீ.?

திண்ணையில் நின்று ஐந்து மீட்டர் தள்ளியுள்ள தேரை நெட்டுவாக்கில் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 50-இல் சுமார் 3.6 மீட்டர் உயரம் அடங்கும், 35-இல் ஐந்து மீட்டர், 28-இல் கிட்டத்தட்ட ஆறரை. 28 நல்லதுதான், ஆனால் கேமராவை அண்ணாந்து பிடித்தால் தேர் பின்னால் சாயும், ஓரத்தில் நிற்பவர் முகமும் இழுபடும். முதல் லென்ஸுக்கு என் ஓட்டு 35-க்கே. 21 இப்போதைக்கு வேண்டாம்.

படி 3: எஃப் எண்

எஃப் எண் என்பது லென்ஸின் வாய் (அப்பர்ச்சர்) எவ்வளவு திறக்கும் என்ற கணக்கு, எண் சிறிதானால் வாய் பெரிது. எஃப்/4-இல் 1/8 விநாடி கேட்கும் வெளிச்சத்தில் எஃப்/2 இருந்தால் 1/30, எஃப்/1.4 இருந்தால் 1/60. எஸ்எல்ஆர் போல உள்ளே கண்ணாடி எகிறும் அதிர்வு ரேஞ்ச்ஃபைண்டரில் இல்லாததால் 1/15-ஐக்கூட நிதானமாகக் கையில் பிடிக்கலாம். ஆனால் வடம் இழுக்கிறவர் உங்களுக்காக நிற்கமாட்டார், அதனால்தான் பெரிய வாய் தேவைப்படுகிறது.

அதற்கு விலை உண்டு. 35 மி.மீ., இரண்டு மீட்டர் தூரம், எஃப்/1.4 என்றால் தெளிவாக விழுவது ஏறக்குறைய 28 செ.மீ. மட்டுமே. எஃப்/2-இல் 40 செ.மீ. ஆகும். அப்புறம் பருமன்: எஃப்/1.4 லென்ஸ் பெரும்பாலும் தடித்திருக்கும், ஹூடும் (லென்ஸ் முன்னால் மாட்டும் வெளிச்ச மறைப்பு) சேர்ந்தால் ஜன்னலின் வலது கீழ் மூலையை மறைக்கும். தொடங்குபவருக்கு எஃப்/2 தாராளம் என்பேன்.

படி 4: எந்த லென்ஸ்?

ஃபாய்க்ட்லேண்டர் நோக்டன் 35 எஃப்/1.4 சின்னது, மற்ற எஃப்/1.4 லென்ஸ்களைவிட மலிவு. ஆனால் நேர்க்கோடுகள் கொஞ்சம் வயிறு தள்ளும், அப்பர்ச்சரை மூடும்போது ஃபோகஸும் சற்றுப் பின்னால் நகரும். ஜைஸ் பயோகான் 35 எஃப்/2 கொஞ்சம் நீளம். திண்ணைத் தூண்கள் நேராக நிற்க வேண்டுமானால் அதுதான். பழைய எம்39 திருகு லென்ஸை அடாப்டர் வளையம் போட்டு எம் மவுண்டில் (லைக்கா எம் கேமராவில் லென்ஸ் பொருந்தும் இடம்) மாட்டலாம். ரஷ்ய ஜுபிடர்-12 மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது எஃப்/2.8, பின்கண்ணாடி வேறு உள்ளே நீட்டிக்கொண்டிருப்பதால் சில கேமராக்களில் மாட்டவே கூடாது. டிஜிட்டல் எம் வைத்திருப்பவர்கள் பழைய வைட் லென்ஸில் ஓரங்கள் நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: பழையது வாங்கினால்

நம் பக்கத்து மழைக்காலம் லென்ஸுக்கு எமன். அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கமிருந்து பாருங்கள். சிலந்திவலை போல நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. பால் படிந்தாற்போல மங்கியிருந்தால் விளக்குகளைச் சுற்றிப் புகை விழும். தூசிக்குப் பயப்பட வேண்டாம். ஃபோகஸ் வளையம் விட்டுவிட்டு இழுத்தால் கிரீஸ் காய்ந்திருக்கிறது. அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

படி 6: மாட்டியதும் சோதனை

தூரத்து மொபைல் டவரைப் பார்த்து வளையத்தைக் கடைசிவரை திருப்புங்கள். ஜன்னலின் நடுக்கட்டத்தில் தெரியும் இரண்டு பிம்பமும் ஒன்றாகச் சேர வேண்டும். அடுத்து, செய்தித்தாளை மேஜையில் விரித்து, ஒரு மீட்டரிலிருந்து சாய்வாக ஒரு வரியில் ஃபோகஸ் செய்து, அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து எடுங்கள். பிலிம் கேமராவானால் ரோலின் கடைசி நாலைந்து ஃபிரேமை இதற்கு ஒதுக்குங்கள். அந்த வரிக்கு முன்னாலோ பின்னாலோ தெளிவு விழுந்தால் வேறொரு லென்ஸை மாட்டி இதையே செய்யுங்கள். அதிலும் அப்படியே இருந்தால் கேமராவை மெக்கானிக்கிடம் கொடுங்கள். புதிதாக வாங்கிய லென்ஸில் மட்டும் ஃபோகஸ் தவறினால், வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் லென்ஸைத் திருப்பிவிடுங்கள்.