ஜி.பி. சர்ஜரியில் பதிவு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து மூன்று வாரமே ஆன ஒரு தம்பதியருக்கு ஜி.பி. சர்ஜரிப் (குடும்ப மருத்துவரின் கிளினிக்) பதிவுப் படிவத்தை நிரப்ப உதவச் சென்றிருந்தேன். பென்சிலால் அவர்கள் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழையே அதில் அப்படியே இருந்தது. உடம்புக்கு முடியாமல் போகும்வரை காத்திராமல் முன்பே பதிந்துகொள்ளுங்கள் என்பதை எல்லோரும் சொல்லிவிடுவதால், அதை விட்டுவிட்டு மற்றவற்றைச் சொல்கிறேன்.

பெயரை இடத்துக்கு ஒரு விதமாக எழுதுவது

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கும். படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்களைக் காட்டுகிறது. என் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயராக இருந்தது. நானோ ஊர்ப் பழக்கத்தில் அவர் பெயரை முதற்கட்டத்திலும் என் பெயரை அடுத்த கட்டத்திலும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து வீடு மாறியபோது, புதிய சர்ஜரியில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதினேன். முன்பு பதிந்திருந்ததைக் குறிப்பிடவும் இல்லை. பெயர், பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு ஆகியவற்றை வைத்துத்தான் பழைய பதிவைத் தேடுகிறார்கள். என் பதிவு பொருந்தாததால், 10 இலக்க என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) எண் இரண்டாவதாக ஒன்று எனக்கு வழங்கப்பட்டது.

இதை நான் அறிந்தது, ஸ்கேனுக்காகக் காத்திருந்தபோதுதான். மருத்துவமனையில் பழைய எண்ணில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்ததால், அழைப்புக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்விட்டது. நான் வரவில்லை என்று குறித்து, என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறுபடியும் ஜி.பி.யிடம் போய், மறுபடியும் பரிந்துரை பெற்று, மேலும் ஐந்து மாதம் வலியோடு காத்திருந்தேன். ஒரு கட்டத்தை மாற்றி எழுதியதற்கு ஐந்து மாதம் என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சல் தீரவில்லை.

ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை, உள்ள வரிசையில், உள்ள எழுத்துக்கூட்டலோடு எல்லா இடத்திலும் எழுதுங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் பாஸ்போர்ட்டில் காலியாக இருந்தால், எப்படிப் பதிந்துகொண்டார்கள் என்று சர்ஜரியில் கேட்டுக் குறித்துவைத்து, மருத்துவமனையிலும் அதையே சொல்லுங்கள். மாணவராக முன்பு இங்கே இருந்திருந்தால், அப்போதைய முகவரியைத் தவறாமல் எழுதுங்கள். முந்தைய முகவரியைப் படிவத்தில் கேட்பது பழைய பதிவைக் கண்டுபிடிக்கத்தான். இரண்டு எண்கள் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் சர்ஜரியில் சொல்லி, இரண்டையும் இணைக்கக் கேளுங்கள்.

ஆவணம் இல்லை என்று திரும்பிவிடுவது

அறையைப் பகிர்ந்து தங்கும் மாணவர்கள், தங்கள் பெயரில் ஒரு பில்லும் இல்லாததால் வரவேற்பு மேசையிலிருந்தே திரும்பிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் ஜி.பி.யிடம் பதிய அடையாளச் சான்றோ, முகவரிச் சான்றோ, விசாவோ கட்டாயமில்லை. சர்ஜரியில் கேட்கலாம்; இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. உங்கள் வீடு அந்தச் சர்ஜரியின் சேவை எல்லைக்கு வெளியே இருப்பது போன்ற காரணங்களுக்காக மறுக்கலாம். அப்போதும் காரணத்தை 14 நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதத்தைப் பணிவாகக் கேளுங்கள்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துக் கொண்டுவருவது

ஓர் அம்மா எவர்சில்வர் டப்பாவில் வெள்ளை மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து எடுத்து வந்திருந்தார். எது சர்க்கரைக்கு, எது தைராய்டுக்கு என்று அவருக்குத் தெரியும், மருத்துவருக்குத் தெரிய வழியில்லை. ஊரில் வழங்கும் வணிகப் பெயர்கள் பலவும் இங்கே பழக்கமில்லை. அட்டையின் பின்புறத்தில் மெட்ஃபார்மின், லெவோதைராக்சின் என்றிருக்கும் மருந்துப் பெயரும் மில்லிகிராம் அளவும்தான் வேண்டும். அட்டையோடு கொண்டுவாருங்கள்.

பார்க்க வரும் பெற்றோருக்கு வழியில்லை என்று நினைப்பது

தற்காலிக நோயாளியாக மூன்று மாதம் வரை பதியலாம், ஜி.பி.யைப் பார்க்கக் கட்டணமில்லை. மருத்துவமனைச் சிகிச்சை வேறு. அதற்குப் பெருந்தொகை வரும் என்பதால், பயணக் காப்பீடு இல்லாமல் அவர்களை அழைக்காதீர்கள்.

பல் மருத்துவரும் இதில் அடக்கம் என்று நினைப்பது

இல்லை. தனியாகத் தேட வேண்டும்.

வீடு மாறியதைச் சொல்லாமல் இருப்பது

அந்த வாரமே சொல்லிவிடுங்கள்.