டேஷ்போர்டுப் பெட்டியை ஒழுங்குபடுத்துதல்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு அடிக்கடி காரில் போய்வருபவர்கள், சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்ததும் எழுத்து மங்கிய பெட்ரோல் ரசீதுகளும் உறையோடு உருகி ஒட்டிய மிட்டாய்களும் மடியில் கொட்டாதிருக்க, அதை முதலில் முழுவதுமாகக் காலி செய்து ஈரத்துணியால் துடைத்து உலரவிட வேண்டும். பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகிய மூன்றையும், மலைப்பாதை மழையின் ஈரம் ஏறாதபடி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் இட்டு மேலாக வையுங்கள். அரசின் டிஜிலாக்கர் செயலியில் உள்ள மின்னணுப் பிரதிகளும் செல்லும்தான், ஆனால் மலையில் சிக்னலை நம்ப முடியாது என்பதால் நான் தாளையும் விடுவதில்லை. பிஎஸ்-4, பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் என்னும் புகை வெளியீட்டுத் தர அளவுகள்) வண்டிகளின் புகைச் சான்று 12 மாதமே செல்லுமாதலால், முடியும் தேதியை உறையின்மேல் பெரிதாக எழுதிவிடுங்கள். டார்ச், டயர் காற்றழுத்தமானி, ஒரு துணி ஆகியவை போதும். லைட்டரையும் வாசனைத் தெளிப்பானையும் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்கவே கூடாது.