ஃபயர்ஃபாக்ஸுக்கு உங்கள் முதல் பேட்ச்: மாணவர்களுக்கான செய்முறை

கல்லூரியில் படித்துக்கொண்டே ஒரு பிரவுசருக்கு நிரல் எழுத முடியுமா என்று ஜூனியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக முடியும். நானும் படிப்புக்கு நடுவே ஃபயர்ஃபாக்ஸுக்குப் பங்களித்து வருகிறேன். பிரவுசர் முழுவதையும் புரிந்துகொண்ட பிறகு ஆரம்பிக்கலாம் என்று காத்திருப்பவர்கள் கடைசிவரை ஆரம்பிப்பதே இல்லை. அதில் பல வருடம் வேலை செய்பவர்களுக்கும் தங்கள் பகுதிதான் தெரியும். ஒரு சின்ன பக்கை, அதாவது நிரலில் உள்ள பிழையை எடுத்து, அதைச் சரிசெய்யும் பேட்ச் (திருத்தம்) பயனரின் கணினிக்குப் போய்ச் சேரும்வரை கூடவே போங்கள். முதல் தடவைக்கு அது போதும்.

ஏன் ஃபயர்ஃபாக்ஸ்? நெட்ஸ்கேப் நிறுவனம் 1998 மார்ச் 31 அன்று தன் பிரவுசரின் மூலநிரலைத் திறந்துவிட்டது. அங்கிருந்து வளர்ந்ததுதான் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா. குரோம் பிரவுசரின் அடிப்படையான குரோமியத்துக்குப் பங்களிக்க முதலில் ஓர் ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும், வட்டில் சுமார் 100 ஜிபி இடமும் வேண்டும். ஃபயர்ஃபாக்ஸுக்கு அப்படி ஒப்பந்தம் எதுவும் இல்லை. 8 ஜிபி ரேம், 30 ஜிபி காலி இடம் இருக்கும் சாதாரண லேப்டாப்பிலேயே ஆரம்பிக்கலாம்.

1. பக்கைத் தேர்ந்தெடுப்பது

முதலில் மொசில்லா தன் பக்குகளைப் பதிவு செய்யும் பக்ஸில்லா தளத்தில் ஒரு கணக்கு தொடங்கி, இரட்டை அடையாளச் சரிபார்ப்பையும் அப்போதே இயக்கிவிடுங்கள். பேட்ச் அனுப்பும் ஃபேப்ரிகேட்டர் தளத்துக்குள் இதே கணக்கில்தான் நுழைவீர்கள், அந்தச் சரிபார்ப்பு இல்லாமல் உள்ளே விடாது.

அப்புறம் கோட்ரிப்யூட் தளத்துக்குப் போங்கள். புதியவர்களுக்கென்று ஒதுக்கிய ‘குட் ஃபர்ஸ்ட் பக்’ வகை அங்கே மொழிவாரியாகப் பிரித்திருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் அதையே எடுங்கள். டெவலப்பர் கருவிகள், செட்டிங்ஸ் பக்கம் எல்லாம் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட்தான்.

பக்கைத் திறந்ததும் தலைப்போடு நிற்காமல் எல்லாக் கருத்துகளையும் மேலிருந்து படியுங்கள். மென்டர் (வழிகாட்டுபவர்) பெயர் இருக்கிறதா? வேறு யாராவது ஏற்கெனவே பேட்ச் போட்டிருக்கிறார்களா? மென்டர் இருந்து, வேறு யாரும் பேட்ச் போடவில்லையென்றால் நேரே வேலையைத் தொடங்கலாம். “இதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. பேட்ச் அனுப்பியதும் பக் உங்கள் பெயருக்குத் தானாக மாறிவிடும்.

சந்தேகம் வந்தால் கேளுங்கள், ஆனால் பதில் தேவை என்று காட்டும் ‘நீட் இன்ஃபோ’ கொடியை மென்டர் பெயரில் போட்டுவிட்டுக் கேளுங்கள். அது இல்லாத கேள்வி, அவருக்கு வரும் மின்னஞ்சல் குவியலில் காணாமல் போய்விடும். “எப்படித் தொடங்குவது?” என்று கேட்டால் பதில் சொல்வது அவருக்கும் கஷ்டம். “இந்தக் கோப்பில் இந்த ஃபங்ஷனை மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன், சரியா?” என்று கேட்டுப் பாருங்கள், பதில் சீக்கிரம் வரும்.

2. உங்கள் கணினியில் ஃபயர்ஃபாக்ஸ்

இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்ய முன்பு பயன்பட்ட மெர்க்கூரியல் பற்றிப் பேசும். அவற்றை விட்டுவிடுங்கள். 2025 முதல் ஃபயர்ஃபாக்ஸின் மூலநிரல் அதே வேலையைச் செய்யும் கிட்டில், கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. முதல் பதிவிறக்கம் சில ஜிபி வரும், நல்ல இணைப்பு இருக்கும் இடத்தில் வைத்து இறக்குங்கள்.

மூலநிரலோடு வரும் கட்டளைக் கருவிதான் மாக். பிறகு ‘மாக் பூட்ஸ்ட்ராப்’ கட்டளையைக் கொடுத்தால், எந்த வகை பில்ட் (மூலநிரலிலிருந்து பிரவுசரை உருவாக்குவது) வேண்டும் என்று ஒரு பட்டியல் காட்டும். அதில் டெஸ்க்டாப் ஆர்ட்டிஃபாக்ட் மோட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். முழு பில்ட் என்றால் சி++, ரஸ்ட் நிரல் அத்தனையும் உங்கள் கணினியில் கம்பைல் ஆக (இயங்கும் நிரலாக மாற) வேண்டும். மாணவர் லேப்டாப்பில் அதற்கு மணிக்கணக்கில் ஆகும். ஆர்ட்டிஃபாக்ட் முறையிலோ மொசில்லா ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்ததை இறக்கிக்கொள்வதால் சில நிமிடங்களில் வேலை முடியும். இதில் சி++, ரஸ்ட் பகுதிகளை மாற்ற முடியாது. ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ், எச்டிஎம்எல் மாற்றங்களுக்கு இது தாராளம்.

‘மாக் பில்ட்’, அடுத்து ‘மாக் ரன்’. நீங்களே உருவாக்கிய பிரவுசர் நரிச் சின்னம் இல்லாமல் திறக்கும். அதற்குத் தனி புரொஃபைல் இருப்பதால், தினமும் பயன்படுத்தும் ஃபயர்ஃபாக்ஸின் புக்மார்க்குகளுக்கு எதுவும் ஆகாது.

3. மாற்ற வேண்டிய வரியைக் கண்டுபிடிப்பது

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். சர்ச்ஃபாக்ஸ் தளத்தில் மூலநிரல் முழுவதையும் நொடியில் தேடலாம். செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு பொத்தான் தவறாக நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொத்தானின் மேல் தெரியும் ஆங்கில வாசகத்தை அப்படியே தேடுங்கள். ஒரு ஃப்ளூயன்ட் கோப்பு கிடைக்கும். இடைமுக வாசகங்கள் பெரும்பாலும் அந்த வகைக் கோப்புகளில்தான் இருக்கும். அங்கே வாசகத்துக்குப் பக்கத்தில் ஓர் அடையாளப் பெயர் இருக்கும். அதைத் தேடினால் அந்தப் பொத்தான் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தெரியும். அங்கே அதன் ஐடியை எடுத்து மறுபடி தேடினால், அதைக் கையாளும் ஜாவாஸ்கிரிப்ட் வந்துவிடும். மூன்றே தேடலில் லட்சக்கணக்கான வரிகள் ஒரு ஃபங்ஷனாகச் சுருங்கிவிடும்!

ஒரு வரி ஏன் இப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று புரியவில்லையா? இடது ஓரப் பட்டையில் மவுஸை வையுங்கள். அந்த வரியைக் கடைசியாக மாற்றிய கமிட்டும் (பதிவான மாற்றமும்) அதன் பக் எண்ணும் தெரியும். அந்தப் பழைய பக்கில் நடந்த விவாதத்தைப் படியுங்கள். நான் பிரவுசரைப் பற்றித் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி இப்படிப் படித்ததுதான்.

(பில்ட் செய்யவே வசதி இல்லாதவர்களுக்கு மாஸ்ரெக்ரஷன் என்ற கருவி இருக்கிறது. நைட்லி என்ற தினசரிச் சோதனைப் பதிப்புகளில் பழையவற்றை இறக்கித் தரும். ஒவ்வொன்றிலும் கோளாறு இருக்கிறதா என்று நீங்கள் சொன்னால், இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்து, அது எந்த நாளில் நுழைந்தது என்று கண்டுபிடிக்கும். அந்த விவரத்தைப் பக்கில் எழுதினாலே டெவலப்பருக்குப் பெரிய உதவி.)

4. மாற்றி, சோதிப்பது

மாற்றத்தைச் சேமித்து, ‘மாக் பில்ட் ஃபாஸ்டர்’ கொடுத்து, ஓட்டிப் பாருங்கள். பிறகு ‘மாக் டெஸ்ட்’ கட்டளையோடு அந்தக் கோப்புறையின் பாதையைக் கொடுத்தால் அதற்குரிய சோதனைகள் மட்டும் ஓடும். கடைசியாக, நிரல் எழுதும் நடையில் தவறு இருக்கிறதா என்று பார்க்க ‘மாக் லின்ட்’.

5. ரிவ்யூ

அடுத்து, மாற்றத்தைக் கமிட் செய்து ரிவ்யூவுக்கு, அதாவது இன்னொரு டெவலப்பரின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். கமிட் செய்தி எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. ‘பக்’ என்ற சொல், அதன் எண், ஒரு சிறுகோடு, என்ன மாற்றினோம் என்று ஒரே வரி, கடைசியில் ‘ஆர்’ எழுத்தும் சமக்குறியும் போட்டு ரிவ்யூவர் பெயர். பக்கில் இருந்த புகாரை அப்படியே நகலெடுக்காமல், உங்கள் பேட்ச் என்ன செய்கிறது என்று எழுதுங்கள். ‘மாஸ்-ஃபேப்’ கருவி அதை ஃபேப்ரிகேட்டருக்கு அனுப்பிவிடும்.

கருத்துகள் வரும். ‘நிட்’ என்று தொடங்குபவை சின்னத் திருத்தங்கள், அதற்காகச் சோர்ந்துபோக வேண்டாம். திருத்திய பிறகு புதிய கமிட் போடாதீர்கள். கல்லூரி புராஜெக்ட்களில் அப்படித்தான் பழகியிருப்போம், ஆனால் இங்கே ஒவ்வொரு கமிட்டும் தனித்தனி ரிவ்யூவாகப் போய்விடும். பழைய கமிட்டையே அமெண்ட் செய்து (திருத்தி) மறுபடி அனுப்புங்கள். ஒவ்வொரு கருத்துக்கும் கீழே ‘டன்’ பெட்டியை டிக் செய்து சப்மிட் கொடுங்கள்.

புதியவர்களிடம் ரிவ்யூவர்கள் அடிக்கடி சுட்டிக்காட்டும் விஷயம் ஒன்று உண்டு. ஃப்ளூயன்ட் கோப்பில் வாசகத்தின் பொருள் மாறினால், அதன் அடையாளப் பெயரையும் மாற்ற வேண்டும். பெயர் அப்படியே இருந்தால், தமிழ் உட்பட மற்ற மொழிகளில் பழைய மொழிபெயர்ப்பே தொடரும். பெயர் மாறினால்தான் மொழிபெயர்ப்பாளர்களின் பட்டியலில் அது புதிதாக வரும். தமிழில் ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துபவருக்குச் சரியான வாசகம் தெரிய வேண்டும் என்பதால், இதில் எனக்குத் தனி அக்கறை.

6. பேட்ச் சேர்வது

ரிவ்யூ முடிந்ததும் மென்டரோ ரிவ்யூவரோ லேண்டோ என்ற கருவி வழியாகப் பேட்சைச் சேர்ப்பார். அது முதலில் ஆட்டோலேண்ட் என்ற இடைநிலைக் கிளைக்குப் போகும். பல இயங்குதளங்களில் சோதனைகள் ஓடும், முடிவுகளை ட்ரீஹெர்டர் தளத்தில் பார்க்கலாம். எதாவது உடைந்தால் ஷெரிஃப்கள் (கிளைகளைக் கண்காணிப்பவர்கள்) பேட்சைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். இது அனுபவசாலிகளுக்கும் வாடிக்கையாக நடப்பதுதான். பக்கில் அவர்கள் போடும் இணைப்பில் எந்தச் சோதனை தவறியது என்று பார்த்து, சரிசெய்து மறுபடி அனுப்பினால் போதும்.

எல்லாம் சரியாக இருந்தால் பிரதான கிளைக்கு வந்து, அடுத்த நைட்லியில் சேர்ந்துவிடும். நைட்லி தினமும் இரண்டு முறை வெளிவருகிறது. அதை நிறுவி, உங்கள் திருத்தம் வேலை செய்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். அடுத்து பீட்டா, அதன்பின் பொது வெளியீடு.

அடுத்த பக்கை அதே பகுதியிலேயே எடுங்கள், கோப்புகளும் ரிவ்யூவரும் ஏற்கெனவே பழக்கம். இரண்டு மூன்று பேட்ச் சேர்ந்த பிறகு, பேட்சைச் சேர்ப்பதற்கு முன்பே சோதித்துப் பார்க்கும் ட்ரை சர்வரில் சோதனைகளை நீங்களே ஓட்ட லெவல் 1 அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு ஒருவர் உங்களைப் பரிந்துரைக்க வேண்டும், உங்கள் மென்டரிடமே கேளுங்கள்.